காங்கேயத்தைத் தாண்டியது யார்

"வண்டி ஓட்டறவன் எவனுக்கும் மாமனுமில்ல, மச்சானுமில்ல..." அதற்கப்புறம் என்னவோ ஒன்று இருந்தது. சூலூரைத் தாண்டியதிலிருந்து நாச்சிமுத்து அந்த மிச்சத்தைத் தேடிக்கொண்டு வந்தான். தேடினான் என்றால் பாதையை விட்டுவிட்டு அல்ல. கண் முன்னால் போகும் கோழி வண்டியின் மேலேயே இருந்தது. கம்பிக் கூண்டிலிருந்து கழன்ற வெள்ளை இறகு ஒன்று கண்ணாடிக்கு நேரே மிதந்து வந்து, முட்டாமல் மேலேறிப் போனதைக்கூட அவன் பார்த்தான். தேடியது கண்ணுக்குப் பின்னால் இருக்கும் வேறு ஏதோ ஒன்று. அதற்கு வேலை கொடுக்காவிட்டால் அது சும்மா இருக்காது. சொன்னவர் கொடுமுடிப் பெரியவர், அம்மாவுக்கு ஏதோ ஒரு வகையில் பெரியப்பா. சித்தி கல்யாணத்தில் சொன்னார். மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றி வந்த வேன் நேரம் கழித்து வந்து சேர்ந்திருந்தது. வந்தவர்கள் மண்டபத்துக்குள் காலெடுத்து வைக்காமல் வாசலிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். நேரமானது கூடப் பெரிதில்லையாம், ஓட்டி வந்தவர் வழியெல்லாம் தாங்கள் கேட்டதற்கு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லையாம், மதிக்கவில்லையாம். ஓட்டி வந்தவர் பெண்ணுக்கே மாமன். அப்போதுதான் பெரியவர் மைக்கை வாங்கி அந்தப் பேச்சைப் பேசினார். பாதியில் மைக் கூவிவிட்டது. பஞ்சாயத்து முடிந்தது என்று நாதஸ்வரக்காரர் வேறு ஊதத் தொடங்கிவிட்டார். முன்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும், எல்லாரும் சிரித்தார்கள், மாப்பிள்ளை வீட்டாரும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். பந்தலின் கடைசியில் கையில் பூந்தியோடு நின்ற இவனுக்கு மட்டும் கேட்கவில்லை. ஆகவே விஷயம் அந்த மிச்சப் பாதியில்தான் இருந்திருக்கிறது. எவனுக்கும் மாமனில்லை, மச்சானில்லை, பின்னே என்ன? ரோட்டுக்குப் பொறந்தவனா? ஏறினவங்க எல்லாருக்கும் காவக்காரனா? அப்படியெல்லாம் அழகாகப் பேசக்கூடிய ஆளில்லை பெரியவர். அதைவிடச் சாதாரணமாக ஏதோ.

கோழி வண்டி இடதுபக்கம் ஒதுங்கியது. நாச்சிமுத்து பின் கண்ணாடியைப் பார்த்தான், பக்கக் கண்ணாடியைப் பார்த்தான், பிறகு தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தான், பிறகுதான் முந்தினான். அந்தத் தோள் பார்வைக்காகவே ஜெர்மனியில் ஒரு தடவை அவனைப் பரீட்சையில் தோற்கடித்து அனுப்பினார்கள். பார்த்தது போதாது, பார்க்கிறாய் என்பது எனக்குத் தெரிய வேண்டும் என்றார் பரீட்சைக்காரர். மனைவி கோமதி முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். வாங்கிய லைசென்ஸோடு அங்கே பனியிலும் மழையிலும் வேலைக்குத் தானே ஓட்டிப் போனாள். ஊர் திரும்பிய பின் இங்கேயும் லைசென்ஸைப் புதுப்பித்து வைத்திருக்கிறாள், ஆனால் அவளுக்கு ஸ்கூட்டர் என்றும் அவனுக்குக் கார் என்றும் யாரும் பேசி முடிவெடுக்காமலே ஆகிவிட்டது. தோற்றவனுக்குத்தான் பாடம் ஆழமாக இறங்கும் என்று அவன் நினைத்துக்கொள்வான், அதில் அவனுக்கு ஒரு பெருமை உண்டு. பெருமை என்று வெளியே சொல்லிக்கொள்கிற பெருமை இல்லை. வீடு கட்டியதில் இல்லை, சம்பாதித்ததில் இல்லை, இரண்டு பாஷையில் படித்ததில் இல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தால் முழுசாக உட்காருகிறவன் என்பதில். பாட்டு கிடையாது. போன் கோமதியின் கைப்பைக்குள். ஸ்பீக்கரில் போடுவது கூடக் கிடையாது. காதில் ஒரு குரல் விழுந்தால் கண்ணில் பாதி அதன் பின்னாலேயே போய்விடும். தண்ணீர் குடிக்க வேண்டுமானால் ஓரங்கட்டித்தான். பேச்சும் கிடையாது. பின் சீட்டில் சீர்த்தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பாவாத்தாள் அத்தைக்கு, அவன் அப்பாவின் தங்கைக்கு, இதுதான் தாங்க முடியவில்லை. "ஏஞ்சாமி, கோயமுத்தூருல கட்டுன வாயக் கோயில்ல போயித்தான் அவுப்பியா? பேசுனா வண்டி நின்னு போகுமா?" கோமதி சிரித்தாள். "அவரு வண்டியில ஏறுனாத் தவசிங்க. எறங்குனாத்தான் மனுசன்." "தவசிக்கு என்னத்துக்குடி பொண்டாட்டி?" என்றாள் அத்தை. அவன் உதட்டோரம் சிரித்தான், கண்ணை எடுக்கவில்லை. விதிகள் எல்லாம் அவனுக்கு இங்கிலீஷில் வரும். பயம் மட்டும் தமிழில். எதிரே தவறான பக்கத்தில் வரும் மொபெட், சாணித் தடம், திறக்கப்போகும் லாரிக் கதவு, இவற்றுக்கெல்லாம் அவனுக்குள் ஒரு குரல் அம்மா அழைப்பதைப் போல "டேய், பாத்து" என்று சொல்லும். அந்தக் குரல் கேட்பதற்காகத்தான் மற்றதையெல்லாம் அடக்கி வைத்திருக்கிறான். இதை அத்தைக்கு எப்படிச் சொல்வது?

பல்லடத்துக்குள் நுழையும்போது கைப்பை அதிர்ந்தது. கோமதி எடுத்தாள். நாச்சிமுத்துவின் தங்கை வளர்மதியின் வீட்டுக்காரர் பூபதி. எங்கே வந்துவிட்டீர்கள் என்று கேட்டார். பல்லடம் என்றாள். மச்சானிடம் கொடுங்கள் என்றார். ஓட்டறாருங்க என்றாள். இதில் ஒன்றும் தப்பில்லை, ஆனால் அந்தப் பக்கம் ஒரு கணம் சத்தமில்லாமல் போனது இவனுக்குக் கேட்டது. சத்தம் கேட்கலாம்; சத்தமில்லாதது எப்படிக் கேட்டது? கோமதியின் முகத்திலிருந்துதான். முகத்தைப் பார்க்கவில்லையே. ஓரக்கண். ஓரக்கண்ணும் கண்தான், நாச்சிமுத்து, முன்னால் பார். முன்னால் பஸ் நின்றது, அவனும் நின்றான். பூபதி நல்ல மனிதர், அவசரக்காரர், வெள்ளகோவில் பக்கத்துக் கோயிலில் குழந்தைக்குக் காது குத்து என்று வாட்ஸ்அப்பில் பத்திரிகையை அனுப்பிவிட்டு "மச்சான் வந்துருங்க" என்று எழுதிவிட்டார். தாய்மாமனை அப்படி அழைக்கக் கூடாது. வெற்றிலை பாக்கு, தட்டு, இரண்டு பேராக வந்து வாசலில் நின்று சொல்ல வேண்டும். அத்தை அன்றைக்கே குதித்தாள். "செல்லுல கூப்புட்டா செல்லுல போயி மொறை செஞ்சுட்டு வா, ஆளு எதுக்கு?" நாச்சிமுத்துவுக்கு உண்மையிலேயே ஒன்றும் தோன்றவில்லை. அழைத்தார், போகிறோம், அவ்வளவுதான். ஆனால் அழைத்தவர்களுக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மாமன் கோபித்துக்கொண்டார் என்று ஒரு பேச்சு அங்கே வேர் பிடித்திருந்தது. இப்போது மாமன் போனிலும் பேச மாட்டேன் என்கிறார் என்றால் அது இலை விடுகிறது. ஓரங்கட்டி இரண்டு வார்த்தை பேசிவிடலாம். பல்லடத்தில் ஓரம் எங்கே இருக்கிறது? தாண்டிப் பேசலாம் என்றால் எமகண்டம் பிறப்பதற்குள் குத்தியாக வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். பேசாமல் போய்ச் சேருவதுதான் பதில். போய் இறங்கினால் கோபமா இல்லையா என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். பச்சை விழுந்தது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. நல்ல கை என்று தன் கையைத் தானே மெச்சிக்கொண்டான்.

ஊர் குறைந்து காற்றாடிகள் வந்தன. வெயிலில் மூன்று இறக்கைகளும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு, அவசரமே இல்லாமல். குழந்தைக்குக் காற்றாடி என்றால் பிடிக்குமாம். ஆதினி. கோயில் கோயிலாக ஏறி இறங்கி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, இனி இல்லை என்று வளர்மதியே ஆற்றிக்கொண்ட பிறகு வந்த குழந்தை. பிறந்தபோது அவன் ஜெர்மனியில் இருந்தான், பனி பெய்துகொண்டிருந்தது, போனில் காட்டினார்கள், சிவப்பாக ஒரு கொட்டாவி. குப்புற விழுந்ததைப் போனில் பார்த்தான், நடந்ததைப் போனில் பார்த்தான். திரும்பி வந்து முதன்முதலாக வாசலில் நின்றபோது அவள் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அவன் முகத்தையும் அம்மாவின் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "போன் மாமா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அதற்கப்புறம் அந்தப் பெயரே நின்றுவிட்டது. போன் மாமா வந்திருக்காரு, போன் மாமாவுக்கு டாட்டா. இன்றைக்கு அவள் அவன் மடியில் உட்கார வேண்டும். ஊசி இறங்கும்போது அவள் இறுக்கிப் பிடிக்கிற சட்டை அவனுடையதாக இருக்க வேண்டும். அதற்காகப் பட்டுச்சட்டைகூட வேண்டாம், கசங்கினால் கசங்கட்டும் என்று பருத்திச் சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவன் போகாவிட்டாலும் காது குத்தாமல் நிற்காது. முத்தூர்க் குழந்தைவேலு இருக்கிறான். பங்காளி வகையில் அண்ணன் தம்பி, எப்போதும் ஊரில் இருக்கிறவன், எதற்கும் வருகிறவன். வளர்மதி கல்யாணத்தில் இவனுக்கு விமானம் கிடைக்காமல் போனபோது அண்ணன் செய்ய வேண்டியதையெல்லாம் அவன்தான் செய்தான், குறையில்லாமல் செய்தான். தங்கமான ஆள். ஒரு கையில் போன், ஒரு கையில் முறுக்கு, ஸ்டீரிங்கை முழங்காலால் தாங்கிக்கொண்டு பேசிக்கொண்டே ஓட்டுவான், பின் சீட்டுக்காரனைத் திரும்பிப் பார்த்து ஜோக்கு வேறு. அவனுக்கு இதுவரை ஒன்றும் ஆனதில்லை. இதுதான் நாச்சிமுத்துவின் தொண்டையில் மாட்டிக்கொள்கிற முள். அவனுக்கும் ஒன்றும் ஆனதில்லை, எனக்கும் ஒன்றும் ஆனதில்லை. போய்ச் சேர்ந்து வண்டியை நிறுத்தினால் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி நிற்கும். நடக்காமல் போனதற்குச் சாட்சி யார்? இந்தக் கை காப்பாற்றிய ஆள் எவனாவது வந்து, நீ அன்றைக்குப் பார்த்ததால் நான் இன்றைக்கு இருக்கிறேன் என்று சொல்லப் போகிறானா? அவனுக்கே தெரியாது. தெரியாமல் போவதுதான் இந்தத் தொழிலின் அழகு. கூலியில்லாத, கைதட்டில்லாத ஒரு பெருமை. அதனால்தான் அது சுத்தமாக இருக்கிறது என்று நினைத்தபோது முதுகு தானாக நிமிர்ந்தது.

மறுபடியும் கைப்பை. இந்த முறை பூபதியின் அப்பா. அவர் போனில் பேசினால் போனே தேவையில்லை. "எங்கம்மா இருக்கீங்க? தம்பிகிட்டக் குடு. தம்பி வாயால ஒரு வார்த்தை கேக்கோணும்." "ஓட்டறப்பப் பேச மாட்டாருங்க மாமா, எப்பவுமே அப்படித்தானுங்க." "எங்க கிட்ட மட்டுந்தான் அப்படியா? கோவம்னா கோவம்னு சொல்லிரோணும்மா. நாங்க வந்து தட்டு வெச்சு அழைக்காதது தப்புத்தான், இல்லைங்கல. அதுக்காகச் சபையில வெச்சுப் பழி வாங்கப்படாது." கோமதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினாள், இல்லீங்க, அய்யோ இல்லீங்க என்று தணிந்த குரலில். அப்புறம் வளர்மதியின் குரல், சொற்கள் கேட்கவில்லை, அந்த இழுப்பு மட்டும் கேட்டது, சின்னதில் பென்சில் தொலைந்தால் இழுக்கிற அதே இழுப்பு. "என்னங்கறா?" என்று பின்னாலிருந்து அத்தை. கோமதி போனைப் பைக்குள் போட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது நல்லதற்குத்தான், ஓட்டுகிறவனிடம் சொல்லக் கூடாது என்பது அவன் போட்ட விதி. அத்தைக்கு விதி கிடையாது. "ஏண்டி மென்னு முழுங்கற? கொழந்தைவேலைக் குளிச்சு வேட்டி மாத்தச் சொல்லிட்டாங்களா?" கோமதி மெதுவாக, "எதுக்கும் ரெடியா இருக்கட்டும்னு சொல்றாங்க" என்றாள். "பாத்தியா! மாமன் உசுரோட வந்துட்டு இருக்கறப்பவே மாத்து மாமன்!" அவன் வேகம் கூட்டவில்லை. வேகம் காட்டும் முள் எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. இதைக் கவனித்தான், கவனித்து மெச்சிக்கொண்டான். வேறு எவனாக இருந்தாலும் இந்த நேரத்துக்குக் கால் தானாக அழுத்தியிருக்கும்.

சபையில் வைத்துப் பழி வாங்குகிறேனாம். போய் இறங்கியதும் முதலில் செருப்பைக் கழற்ற வேண்டும். பதற்றமில்லாமல். தட்டுகளை அத்தையும் கோமதியும் எடுத்துக்கொள்வார்கள், பழத்தட்டு முன்னால். பூபதியின் அப்பா வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றுவார். வாங்க தம்பி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா என்பார். வழி எப்பவும் தெரியுமுங்க மாமா, வழியைப் பாத்துட்டு வந்ததாலதான் பேசல என்று சொல்ல வேண்டும். நன்றாக இருக்கிறது. வழியைப் பார்த்து வந்ததால்தான். இல்லை, அது கொஞ்சம் குத்தலாக இருக்கிறது, பூபதி முகம் சுண்டிவிடும். கோவமிருந்தா வந்திருப்பனா மாமா? இது கெஞ்சல். கெஞ்சுவானேன்? என் தங்கச்சி கொழந்தைக்கு எனக்குப் பதிலா ஆளு ஏற்பாடு பண்ற அளவுக்கு என்ன நடந்து போச்சுங்க? இதுதான் சரி. இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். எல்லாரும் பார்ப்பார்கள். குழந்தைவேலு புது வேட்டி மடமடக்க, ஈரத் தலையோடு, அண்ணா வந்துட்டீங்களா, நல்லதாப் போச்சு, நான் சும்மா என்று சிரிப்பான். அவன் சிரித்தால் கோபம் நிற்காது, அதுவே ஒரு கோபம். நீ கல்யாணத்தில் என் இடத்தில் நின்றாய், சரி, நான் கடல் தாண்டி இருந்தேன். இன்றைக்கு நான் காங்கேயம் ரோட்டில் இருக்கிறேன், காங்கேயம் ரோட்டில் இருக்கிறவன் இல்லாதவன் ஆகிவிடுவானா? வளர்மதி குழந்தையைக் கொண்டு வருவாள். கண்ணெல்லாம் சிவந்து. குழந்தை யார் மடியைப் பார்க்கும்? வாரத்துக்கு ஒரு தடவை மிட்டாயோடு வருகிற முத்தூர் மாமன் மடியையா, போன் மாமா மடியையா? அழுதுகொண்டு அந்தப் பக்கம் கையை நீட்டினால்? சபை முழுக்கப் பார்க்கும். இங்க வா கண்ணு என்று சொல்ல வேண்டும், குரல் தணிந்து. அவள் வருவாள். வராமல் போனால் சரி, அவன்கிட்டயே இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும், சிரித்துக்கொண்டு சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு வண்டிக்குத் திரும்பி நடக்கக் கூடாது, அங்கேயே நிற்க வேண்டும். நிற்க முடியுமா? கைகளை எங்கே வைத்துக்கொள்வது? எல்லார் கையிலும் ஏதாவது இருக்கும், தட்டு, பூ, குழந்தை. என் கையில்?

"என்னா திமிலு பாத்தியா சாமி!" என்றாள் அத்தை. அவள் குரலில் இருந்த சந்தோஷம் அவனை எங்கிருந்தோ இழுத்து வந்து சீட்டில் போட்டது. இரண்டு பக்கமும் களங்கள், பிளந்து காயப்போட்ட தேங்காய்கள், எண்ணெய் வாசனை. "அந்த மாதிரி மயிலைக் காளை பாத்து எத்தன நாளாச்சு. எங்கப்பன் கட்டுத்தறியில நின்னதாட்டவே இருந்துது. நீ நிறுத்துன பாரு, அதுக்கே உனக்குப் புண்ணியம்." கோமதியும் பேசினாள், குரலில் பழைய வருத்தம் கொஞ்சம் விலகியிருந்தது. "பின்னால பஸ்காரன் அந்த அலறு அலறினான், இவர் அசையவே இல்லீங்களே. மாட்டுக்காரரு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு." அவள் அவன் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையில் பெருமை இருந்தது. அது அவனுக்கு இடது கன்னத்தில் வெயில் மாதிரி பட்டது. "எந்தக் காளைங்க அத்தை?" என்றான். பின் சீட்டில் கை தட்டும் சத்தம். "அட, தவசி வாயத் தொறந்துட்டாண்டி! எந்தக் காளையா? காங்கேயத்துல, ரவுண்டானாகிட்ட, மணி கட்டிப் புடிச்சுட்டு வந்தானே. உன்ர வண்டி மூக்க மோந்து பாத்துட்டுப் போச்சு. வெளையாடறான் பாரு." வலதுபக்கம் ஒரு பலகை வந்தது. வெள்ளகோவில் என்றும் ஒரு எண்ணும் அம்பும். காங்கேயம் அதில் இல்லை. காங்கேயம் பின்னால் இருந்தது.

எப்போது வந்தது? தேடினான். இப்போது கொடுமுடிப் பெரியவர் பேச்சின் மிச்சத்தை அல்ல, ஒரு ஊரைத் தேடினான். அரிசி ஆலைகள், பஸ் ஸ்டாண்டு, கடைவீதி, ரவுண்டானா, ஒன்றுமில்லை. வேப்ப மரம் இருந்தது, துண்டு மாற்றும் பூபதியின் அப்பா இருந்தார், ஈரத் தலையோடு குழந்தைவேலு இருந்தான், அவர்கள் அத்தனை துல்லியமாக இருந்தார்கள். இந்தக் கை இன்டிகேட்டர் போட்டிருக்கிறது, இந்தக் கால் பிரேக்கை மிதித்திருக்கிறது, ஒரு காளை, ஒரு முழு மயிலைக் காளை, திமிலும் மணியுமாக அவன் முன்னால் நின்று மூச்சு விட்டிருக்கிறது, அவன் அங்கே இல்லை. போன் பைக்குள் இருந்தது, பாட்டு இல்லை, பேச்சு இல்லை, எல்லாக் கதவையும் சாத்திவிட்டுக் கூரை வழியாகப் போயிருக்கிறான். பரவாயில்லை என்றது ஒரு குரல், இங்கிலீஷில். இதுதான் பயிற்சி, உடம்பே கற்றுக்கொண்டுவிட்டது, நீ இல்லாதபோதும் உன் கை சரியாகச் செய்கிறது, இதைவிட என்ன பெருமை வேண்டும்? அந்தக் குரல் நியாயமாகத்தான் பேசியது. யாருக்கும் தெரியாது. அத்தை கோயிலில் இறங்கியதும் இந்தக் காளைக் கதையைத்தான் முதலில் சொல்லுவாள், நம்ம நாச்சிமுத்து நிறுத்துனான் பாரு என்று, சபை கேட்கும், பூபதியின் அப்பாகூடத் தலையாட்டுவார். வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் தமிழில் பேசுகிற குரல், டேய் பாத்து என்கிற குரல், காங்கேயத்தில் கேட்டதா? கேட்டிருந்தால் நினைவிருக்கும். அது கூப்பிட்டிருக்கும், இவன் வீட்டில் இல்லை. கைக்குக் காளை தெரியும், பஸ் தெரியும், பழகியது எல்லாம் தெரியும். பழகாதது வந்திருந்தால்? காளைக்குப் பின்னால் காற்றாடியைப் பார்த்துக்கொண்டே ஓடி வரும் ஒரு குழந்தை வந்திருந்தால்? குழந்தைவேலு முழங்காலால் ஓட்டினான் என்றால் நான் எதனால் ஓட்டினேன்? அவனாவது அந்தக் காளையைப் பார்த்திருப்பான், ஜன்னலை இறக்கி விலை விசாரித்திருப்பான். இரவல் பெருமையை வாங்கிப் போட்டுக்கொண்டு அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள முடியாது. அவனுடைய பெருமை அந்த ரகம் இல்லை.

பின் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, தோளுக்கு மேல் ஒரு பார்வை. புளிய மரத்தடியில் இளநீர் வண்டி ஒன்று நின்றது, அதைத் தாண்டி ஓரம் அகலமாக இருந்தது. நிறுத்தினான். எஞ்சினை அணைத்ததும் சீர்த்தட்டின் கண்ணாடித் தாள் சரசரப்பது கேட்டது. "என்னாச்சுங்க? டயரா?" என்றாள் கோமதி. "வண்டிக்கு ஒண்ணுமில்ல. நான் அந்தக் காளையைப் பாக்கல." "பாக்காம எப்படிங்க நிறுத்துனீங்க?" "தெரியல. காங்கேயத்தையே பாக்கல. நான் கோயில்ல இருந்தேன், உங்க எல்லாரையும் வெச்சுக்கிட்டு மாமாகூடச் சண்டை போட்டுட்டு இருந்தேன்." அத்தை முதலில் சிரிக்கப் பார்த்தாள், கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "காத்துக் கருப்பு ஏதாச்சும்..." என்று ஆரம்பித்து அதையும் நிறுத்தினாள். கோமதிக்குத் தெரியும், பனியில் தனியாக ஓட்டிப் போனவள், எப்போதாவது அவளுக்கும் ஒரு ஊர் இப்படித் தொலைந்திருக்கும். கைப்பை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். "வளருதான். நின்னுட்டுத்தான இருக்கோம், பேசிட்டு அப்பறம் ஓட்டுங்க." அவன் போனைப் பார்த்தான். பேசலாம். பேசினால் அவள் அழுவாள், அல்லது சிரிப்பாள், எதுவானாலும் அது வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு வெள்ளகோவில் வரைக்கும் கூடவே வரும். தன்னை அவனுக்குத் தெரியும். இன்றைக்கு இந்த மனசு ரோட்டில் நிற்காது, அது அந்த மடியைவிட்டு நகரப் போவதில்லை, நகர வேண்டும் என்று கேட்பதும் நியாயமில்லை. பெல்ட்டைக் கழற்றினான். சாவியை எடுத்து நீட்டினான்.

கோமதி சாவியையும் அவனையும் பார்த்தாள். "நானா?" "நீதான். ஒரே தடவையில பாஸானவ." "ஏஞ்சாமி, புத்தி கெட்டுப் போச்சா?" என்று அத்தை முன்னால் எட்டி வந்தாள், பழத்தட்டு சாய்ந்தது. "மாமன் சீர் வண்டிய மாமன் பொண்டாட்டி ஓட்டிட்டுப் போயி எறங்கறதா? பொங்கலூர்க்காரன் ஒருத்தன் பொண்டாட்டி ஓட்டப் பக்கத்துல குக்கிட்டு வந்தான்னு இன்னிக்கு வரைக்கும் சிரிக்கறாங்க. ஏற்கெனவே அங்க எரிஞ்சுட்டு இருக்குது." "சிரிக்கட்டுங்க அத்தை." "நீ சொல்லுவ. நாந்தான அங்க பதில் சொல்லோணும்." கோமதி இறங்கி வண்டியைச் சுற்றி வந்து அவன் பக்கக் கதவருகில் நின்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகியிருந்தாள், ஜெர்மனியில் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கோட்டுப் பொத்தானைப் போடுகிற அதே முகம். "ஊர் எல்லை வரைக்கும் நான் ஓட்டறேனுங்க. கோயில் தெரியறதுக்கு முன்னாடி மாத்திக்கலாம், யாரும் பாக்க மாட்டாங்க." போன் நின்று, மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. இளநீர்க்காரர் அரிவாளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். கோயில் வாசல் வரைக்கும் கோமதியே ஓட்டுவது என்று முடிவு செய்தான். அதைச் சொல்லி, சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, இடது பக்கம் ஏறி உட்கார்ந்து, போனை எடுத்தான்.